மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஏன் கண்டதிலெல்லாம் ஏறுகிறார்கள்?

பூங்காவின் ஏணிக் கம்பி, தாழ்ந்த வேப்பங்கிளை, மணல்மேடு என்று கையையும் காலையும் ஊன்றி ஏறி இறங்குவதுதான் ஏறுவிளையாட்டு. குறும்பு என்று அதட்டி இறக்கிவிடுகிறோம். உண்மையில் அது உடம்பு தன்னைத் தானே அளந்து பார்க்கும் வேலை.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட முடிகிறது அல்லவா? கை எங்கே இருக்கிறது என்ற செய்தியைத் தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான். ஏறும்போது கையும் காலும் உடலின் எடையைத் தாங்குவதால் அந்தச் செய்தி பலமாகப் போகிறது. சைக்கிள் பழகியதை நினைத்துப் பாருங்கள்: எவ்வளவு சாய்ந்தால் விழுவோம் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, சாய்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பூங்காக்களில் நிற்கும் கம்பிக் கூண்டை 1920-இல் வடிவமைத்த அமெரிக்கர் செபாஸ்டியன் ஹின்டன், சிறுவயதில் தந்தை மூங்கிலில் கட்டித் தந்த கூண்டில் ஏறி விளையாடியவர்.

குழந்தையைத் தூக்கி உச்சியில் உட்கார வைக்காதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்துதான் இறங்கவும் ஓரளவு தெரியும். (ஏறுவதைவிட இறங்குவது கடினம், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது.) கீழே சிமென்ட் தரை கூடாது, ஆழமான மணல் வேண்டும். நம் ஊர் வெயிலில் இரும்புக் கம்பியை முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள்.

ஹெல்மெட் மாட்டிவிட்டால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சைக்கிளுக்கு அது சரி, ஏறும்போதோ கம்பிகளுக்கிடையே சிக்கி, அதன் பட்டை கழுத்தை நெரித்துவிடக்கூடும் என்பதால் கழற்றிவிட வேண்டும்.