கல்யாண கிஃப்ட் லிஸ்ட்டில் கட்டும் பணம் எங்கே போகிறது?

கேள்வி: லண்டனில் நடக்கும் நண்பரின் கல்யாணப் பத்திரிகையோடு ஒரு கிஃப்ட் லிஸ்ட் லிங்க்கும் வந்திருக்கிறது, மணமக்கள் தங்களுக்கு என்னென்ன பரிசு வேண்டுமென்று போட்டிருக்கும் பட்டியல். அதில் வாங்கினால் பொருள் நிஜமாகவே அவர்களுக்குப் போய்ச் சேருமா?

பதில்: பெரும்பாலும் சேரும். ஆனால் பணம் கட்டிய கையோடு பெட்டி கிளம்பிவிடும் என்று நினைக்காதீர்கள். அது அந்த லிஸ்ட் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

அமேசான் மாதிரியான கடைகளின் லிஸ்ட் என்றால் வழக்கமான ஆர்டர்தான். நீங்கள் வாங்கியதும் பார்சல் மணமக்கள் கொடுத்த முகவரிக்குப் போகும். லிஸ்ட்டுக்கென்றே நடக்கும் நிறுவனங்களில் பலவற்றில் அப்படியில்லை. நீங்கள் குக்கர் வாங்கினால் மணமக்கள் கணக்கில் அந்தக் குக்கர் விலை வரவாகும், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்து மணமக்கள் லிஸ்ட்டை மூடும்போதுதான் ஆர்டர் போகும், எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். அதற்குள் அவர்கள் குக்கரை வேண்டாமென்று போர்வையாக மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இதைக் கேட்டதும் சிலருக்கு வருத்தம் வருகிறது, "நான் பார்த்துப் பார்த்து எடுத்ததை மாற்றுவதா?" என்று. ஆனால் அக்கா மகளின் லிஸ்ட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது இந்த வசதியின் அருமை எனக்குப் புரிந்தது. சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொன்றாக வாங்கும்படி வைத்திருந்தாள், கையில் குறைவாக இருப்பவர்களும் கூச்சமில்லாமல் வாங்கட்டும் என்று. நல்ல மனசுதான். ஆனால் "வேண்டியது 8, வாங்கியது 5" என்பதோடு நின்றுவிட்டது. ஐந்து தட்டை வைத்துக்கொண்டு யாருக்குப் பரிமாறுவது? அந்தத் தொகையோடு மிச்சத்தைத் தானே போட்டு முழு செட்டாக எடுத்துக்கொண்டாள்.

வேண்டியது எத்தனை, வாங்கியது எத்தனை என்ற இந்த எண்கள்தான் மொத்த ஏற்பாட்டின் உயிர். ஒருவர் வாங்கியதும் அந்தப் பொருள் மற்றவர்களுக்கு மூடப்பட்டுவிடும், இரண்டு மிக்ஸி வராது. சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை 1924-லேயே தொடங்கிய பழக்கம் இது. அன்று கடைக்காரர் கையில் இருந்த பட்டியலை இன்று எல்லோரும் போனில் பார்க்கிறோம். அதனால் அதே பொருளை வெளியே மலிவாக வாங்கினால், லிஸ்ட்டில் "வேறு இடத்தில் வாங்கியாச்சு" என்று குறிக்க வழியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மணமக்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சேவை நடத்துகிறவருக்கு வருமானம் பொருளின் லாபத்திலிருந்து வருகிறது. தேனிலவுக்கு, வீட்டுக்கு என்று பணமாகவே கேட்கும் லிஸ்ட்டில் கார்டு கட்டணம் என்று ஒரு சிறு சதவீதம் போகலாம். அதை நீங்கள் கட்டுகிறீர்களா, அவர்கள் தொகையில் கழிகிறதா என்று கடைசிப் பக்கத்தில் பாருங்கள்.

இதைவிட முக்கியம், இடைப்பட்ட நாட்களில் பணம் யார் கையில் இருக்கிறது என்பது. பிரிட்டனில் ராப்இட் என்ற கிஃப்ட் லிஸ்ட் நிறுவனம் 2008 ஆகஸ்டில் திவாலானது. விருந்தினர்கள் பணம் கட்டிவிட்டிருந்தார்கள், பொருள் வரவில்லை. சுமார் 2,000 ஜோடிகள் பாதிக்கப்பட்டார்கள். வாழ்த்துச் சொல்லிக் கொடுத்த பணம், நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நிற்பது கொடுமை. ஆகவே நிறுவனம் விருந்தினர் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனி டிரஸ்ட் கணக்கில் வைக்கிறதா என்று அவர்கள் விதிமுறைகளில் தேடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது. பிரிட்டிஷ் கார்டாக இருந்து, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு.

பணம் கட்டும்போது வாழ்த்துப் பெட்டியில் உங்கள் பெயரையும் வீட்டார் பெயரையும் முழுதாக எழுதுங்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதிலிருந்துதான் மணமக்களுக்குப் போகிறது, அதைப் பார்த்துத்தான் நன்றிக் கடிதம் எழுதுவார்கள். கடைசி வாரம்வரை விட்டால் விலை கூடியவைதான் மிஞ்சியிருக்கும். அப்போது பலர் சேர்ந்து கொடுக்கும் பொருள் ஏதாவது இருந்தால், முடிந்த தொகையை அதில் போடுங்கள்.