ஆய்வுச்சுருக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் முதல் ஆய்வுக்கட்டுரையை முடித்துவிட்டேன். அப்ஸ்ட்ராக்ட்டை (கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கத்தை) மூன்று முறை திருத்தியும் நெறியாளர் ‘இதில் ஒன்றுமே இல்லையே’ என்று திருப்பி அனுப்புகிறார். அதன் கடைசி வரி: ‘தூக்கத்துக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டு, முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன.’ முடிவை அங்கேயே சொல்லிவிட்டால் கட்டுரையை யார் படிப்பார்கள்?

க.

அன்புள்ள க.,

நான் உங்கள் நெறியாளர் கட்சி. சுருக்கத்தைப் படிப்பவர்களில் பலர் கட்டுரைக்குள் வரப்போவதே இல்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடினால் தலைப்பும் சுருக்கமும் கிடைக்கும். முழுக் கட்டுரை பல சமயம் காசு கட்டினால்தான் திறக்கும். அந்த 250 சொற்கள்தான் அவர்கள் கைக்குப் போய்ச் சேருவது.

‘முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன.’ எந்தக் கட்டுரையில்தான் விவாதிக்கவில்லை? அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள் (எண்கள் என் கற்பனை): ‘ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய 30 பேர், 20 சொற்களில் சராசரியாக 9 சொற்களை நினைவில் வைத்திருந்தனர்; எட்டு மணி நேரம் தூங்கிய 30 பேர், 13 சொற்களை.’ இதைப் படித்ததும் கேள்வி வரும். காபி குடித்தார்களா? காலையில் சோதித்தீர்களா, மாலையிலா? அதற்காகத்தான் ஒருவர் கட்டுரையைத் திறப்பார்.

ஒளியைவிட வேகமாக நியூட்ரினோ என்ற நுண்துகள் போனதாக 2011-ல் செய்தி வந்ததல்லவா? அதைக் குவாண்டம் கோட்பாட்டால் விளக்க முடியுமா என்று தலைப்பிலேயே கேட்டு ஓர் இயற்பியல் கட்டுரை வந்தது. அதன் சுருக்கம் மொத்தமும் இவ்வளவுதான்: ‘அநேகமாக முடியாது.’ குறும்புதான், ஆனால் முடிவு அதில் இருக்கிறது.

‘தூக்கம் மனிதனுக்கு இன்றியமையாதது’ என்றெல்லாம் தொடங்காதீர்கள். பின்னணிக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. நோக்கம், முறை, முடிவு என்று துணைத்தலைப்பு போட்டு எழுதும் வழக்கத்தை மருத்துவ இதழ்களுக்கு 1987-ல் முன்மொழிந்தார்கள். உங்கள் ஜர்னல் கேட்காவிட்டாலும் அப்படி எழுதிவிட்டு, அப்புறம் தலைப்புகளை அழித்துவிடுங்கள். நான் செய்வது அதுதான். எது காலியாகக் கிடக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும்.

இன்னொன்று. ஆறு மருத்துவ இதழ்களின் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. கட்டுரையோடு ஒத்துப்போகாத தகவலோ, கட்டுரையில் எங்குமே இல்லாத தகவலோ கொண்ட சுருக்கங்கள், இதழைப் பொறுத்து 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. கட்டுரையில் எண்ணைத் திருத்துவோம், சுருக்கத்தை மறந்துவிடுவோம். மூன்று முறை திருத்தியிருக்கிறீர்கள், சரி. அனுப்பும் முன் அட்டவணையை பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாக டிக் போட்டுவிடுங்கள்.