ஒரே பவர்தான், எனக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது?

கேள்வி: எனக்கும் என் ஆபீஸ் தோழிக்கும் ஒரே பவர், மைனஸ் 3. அவள் போடும், மாதம் ஒருமுறை மாற்றுகிற கான்டாக்ட் லென்ஸையே நானும் ஆன்லைனில் வாங்கினேன். காலையில் போட்டதே தெரியவில்லை. மதியத்துக்கு மேல் கண் சிவந்து, பிடித்து வைத்த மாதிரி இருக்கிறது. கழற்றினால் வெள்ளை விழியில் வட்டமாக ஒரு தடம். சொட்டு மருந்து போட்டுச் சமாளிக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். முதலில் அந்த லென்ஸைப் போடுவதை நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருக்கிற வட்டத் தடமே பாதி பதிலைச் சொல்லிவிட்டது, லென்ஸ் உங்கள் கண்ணுக்கு இறுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காலையில் சுகமாக இருந்ததே என்று கேட்பீர்கள். இறுக்கமான லென்ஸில் தொல்லையே அதுதான், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொள்வதால் போட்ட புதிதில் ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். லூசான லென்ஸ் உடனே காட்டிக் கொடுத்துவிடும்: ஓரம் இமையில் உரசும், சிமிட்டும்போதெல்லாம் பார்வை மங்கித் தெளியும். சாஃப்ட் லென்ஸ் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கால் மில்லிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ நகர வேண்டும், அப்போதுதான் அடியில் தேங்கிய கண்ணீர் வெளியே போய்ப் புதுசு வரும். நாள் முழுக்க ஏசியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிமிட்டுவதே குறைந்துவிடும், லென்ஸ் காய்ந்து இன்னும் பிடிக்கும்.

இப்போது லென்ஸ் பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். பவரோடு இன்னும் இரண்டு எண்கள் இருக்கும், பிசி 8.6, டயா 14.2 என்பது போல. பிசி என்பது உள்வளைவு (எண் குறையக் குறைய வளைவு அதிகம்), டயா என்பது குறுக்களவு. கருவிழியின் அகலம் பலருக்கும் 12 மி.மீ.க்கு ஒட்டி இருக்கும், ஆனால் 11 இருப்பவர்களும் உண்டு, 12.5 தாண்டியவர்களும் உண்டு. மைனஸ் 3 என்பது இதில் எதையும் சொல்லாது. ஒருவருக்குக் கண்ணின் நீளம் கூடியதால் மைனஸ் வந்திருக்கும், இன்னொருவருக்குக் கருவிழி அதிகம் வளைந்திருப்பதால் வந்திருக்கும். உங்கள் கருவிழி தோழியுடையதைவிடச் சின்னதாகவோ தட்டையாகவோ இருந்தால் அவருக்குப் பொருந்தியது உங்களுக்கு இறுகத்தான் செய்யும். அவருடைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து உங்களுக்குத் தைக்கச் சொன்ன கதை.

சரி, 8.6க்குப் பதில் 8.8 ஆர்டர் செய்துவிடலாமா? அதுவும் கூடாது. ஒரு கம்பெனியின் 8.6ம் இன்னொரு கம்பெனியின் 8.6ம் கண்ணில் ஒரே மாதிரி உட்காராது, மெட்டீரியல் வேறு, ஓரத்தின் வடிவம் வேறு. பல பிராண்டுகளில் ஒன்றோ இரண்டோ பிசிதான் கிடைக்கும், அதனால் பெரும்பாலும் பிராண்டையே மாற்ற வேண்டி வரும்.

ஆப்டோமெட்ரிஸ்டிடம் (கண்ணைச் சோதித்து லென்ஸ் பொருத்துபவர்) போங்கள், பழைய பெட்டியையும் கொண்டுபோங்கள். கருவிழியின் வளைவையும் அகலத்தையும் அளப்பார், ட்ரையல் லென்ஸ் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார், அப்புறம் ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்துக்கொண்டே கீழ் இமையால் லென்ஸை மெல்ல மேலே தள்ளுவார். அது சுலபமாக நகர்ந்து தானாகத் திரும்பி வந்தால் சரி. பவர் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பில் போடுகிற கடையில் இதெல்லாம் நடக்காது, எழுந்து வந்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம் என்று இருந்தால் மட்டும் ஆப்டோமெட்ரிஸ்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கண்ணாடியில் மைனஸ் 6. லென்ஸ் மைனஸ் 5.5 கொடுத்திருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை, சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. அந்த இடைவெளி போனால் மைனஸ் பவர் குறையும், பவர் 4ஐத் தாண்டினால் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். பிளஸ் பவருக்கு நேர்மாறு, கண்ணாடியில் பிளஸ் 6 என்றால் லென்ஸில் 6.5 வரும்.