கல்லீரல் கொடுக்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது! – கல்லீரல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 41. குடியால் கல்லீரல் சுருங்கிவிட்டது. மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்கிறார்கள். குடியை விட்டு நான்கு மாதம் ஆகிறது. “பெண்டாட்டி நீதானே, நீ கொடு” என்கிறார்கள் புகுந்த வீட்டில். இரண்டும் சின்னப் பிள்ளைகள். பயமாக இருக்கிறது, வெளியே சொல்ல முடியவில்லை.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை, அம்மா. இந்தப் பயத்தோடு வந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்ணைப் பார்த்து, “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்போம். “அதெல்லாம் சம்மதம்தான் டாக்டர்” என்று மாமியார் பதில் சொல்வார். அந்தப் பெண் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பாள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் உண்மை வரும்.

ஆபத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1998-இல் டெல்லியில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு அப்பா கல்லீரல் கொடுத்ததையும், அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரானதையும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், நாட்டுக்கே பெருமையான செய்தி. ஆனால் குழந்தைக்கு இடப்பக்கத்துச் சிறு துண்டு போதும். வளர்ந்த ஆணுக்கு அவர் எடையில் சுமார் 0.8 சதவீதம் வேண்டும். 70 கிலோ என்றால் அரை கிலோவுக்கு மேல். அதற்குப் பெரும்பாலும் வலப்பக்கம் முழுவதையும், அதாவது உங்கள் கல்லீரலில் ஏறக்குறைய 60 சதவீதத்தை எடுக்க வேண்டிவரும். மிச்சமிருப்பது இரண்டு மூன்று மாதத்தில் பெருமளவு வளர்ந்துவிடும். ஆனாலும் வலப்பக்கம் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறக்க நேரிடலாம் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. உயிருக்கு ஆபத்தில்லாமல் பித்தநீர் கசிவு, காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் என்று அவதிப்படுகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டு மூன்று மாதத்துக்குத் தண்ணீர்க் குடமோ பிள்ளையோ தூக்கக் கூடாது. அந்த நாட்களில் வீட்டு வேலையை யார் செய்வது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயமான சம்மதத்தை நோயாளி அல்லாத வேறொருவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று உறுப்பு மாற்று விதிகளிலேயே இருக்கிறது. “தனியாகப் பேச வேண்டும்” என்று மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், காரணத்தைச் சொல்லாமல் “இவர் கொடுக்க மருத்துவ ரீதியாக இயலாது” என்று மட்டும் மருத்துவக் குழு வீட்டாரிடம் சொல்லும். பல நாடுகளில் இதுதான் வழக்கம். அறுவை சிகிச்சை அரங்குக்குள் போகிற நிமிஷம் வரை நீங்கள் மனசு மாறலாம். மனசார விரும்பிக் கொடுத்தால் சந்தோஷம், அதற்கும் நான் துணை நிற்பேன். வற்புறுத்தலுக்குப் பயந்து கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். குடியை அடியோடு நிறுத்தியவர்களில் சிலருக்குக் கல்லீரல் தேறி, மாற்றே தேவைப்படாமல் போவதுண்டு. உங்கள் கணவருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறதா? அப்புறம், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கு, தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான ‘டிரான்ஸ்டான்’ பட்டியலில் மருத்துவமனை மூலம் அவரைப் பதிவு செய்தாயிற்றா? தமிழ்நாட்டில் 2008 முதல் அந்தத் திட்டம் நடக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று செய்கிறார்கள்.

‘ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் மாற்று’ என்பதும் இப்போது அவ்வளவு இறுக்கமான விதி இல்லை. மதுவால் வந்த கடுமையான கல்லீரல் அழற்சியில், மருந்துக்குத் தேறாதவர்களில் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திருக்காமல் மாற்று செய்து பார்த்தார்கள். அந்த பிரெஞ்சு ஆய்வு 2011-இல் வெளியானது. ஆறு மாதத்தில் அவர்களில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாற்று செய்யாத அதே நிலை நோயாளிகளில் 23 சதவீதம்தான். மூன்று பேர் மறுபடி குடித்தார்கள். அதனால் கணவருக்கு மனநல மருத்துவரின் உதவியும் அவசியம். நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுக்கிறோம். டாக்டர் திட்டுகிறார். சென்னையிலேயே ஆராய்ச்சி செய்து நிரூபித்ததுதானே?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஆராய்ச்சி நடந்தது நிஜம். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு அதை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பரூச் பிளம்பர்க்கும் அதில் இருந்தார். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. ஆனால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. மேலும், அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி வைரஸை நீண்ட காலம் சுமப்பவர்களைப் பற்றியது. உங்கள் பையனுக்கு வந்திருப்பது அநேகமாகத் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ. அது பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே சரியாகும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும்.

இலையை விட எனக்குக் கவலை, அதோடு வரும் பத்தியம். உப்பில்லாமல் மோர்சோறு மட்டும் போட்டுப் பிள்ளையை வாட வைக்காதீர்கள், பசித்ததைச் சாப்பிடட்டும். கண்ட கஷாயமும் வேண்டாம். சீந்தில் கொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ‘ஐ.என்.ஆர்.’ பரிசோதனையைச் செய்துவிடுங்கள். பையன் பகலில் தூங்கி வழிந்தாலோ, பேச்சுக் குளறினாலோ, அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: பன்றிக் கல்லீரலை மனிதனுக்கு வைத்துவிட்டார்களாமே? பட்டியலில் இருக்கும் என் அப்பா அதற்காகக் காத்திருக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: 2024-இல் சீனாவின் சியான் நகரில், ஆறு மரபணுக்களை மாற்றிய பன்றியின் கல்லீரலை, மூளைச்சாவு அடைந்த ஒருவருக்குக் குடும்பத்தார் சம்மதத்தோடு பொருத்தினார்கள். பத்து நாள் அது பித்தநீர் சுரந்தது. அவருடைய சொந்தக் கல்லீரலும் உள்ளேயே இருந்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் அப்பாவின் சிகிச்சையை அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். ஐஸில் வைத்த மனிதக் கல்லீரல் சுமார் 12 மணி நேரம்தான் தாங்கும். அதனால் மருத்துவமனையிலிருந்து அழைப்பு நடுராத்திரியிலும் வரலாம். போனை அணைக்காதீர்கள், இரண்டாவது எண் ஒன்றையும் கொடுத்து வையுங்கள்.