அட்டவணையை அப்புறம் எடுக்கலாம்

அன்புள்ள ஐயா,

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். இறந்தகாலம், நிகழ்காலம் என்று அட்டவணை போட்டு ஆரம்பித்தேன். அரசு வகுப்புகளைப் போலத் தமிழை அறவே தவிர்த்தேன். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். எதை மாற்ற வேண்டும்?

மைதிலி

அன்புள்ள மைதிலி,

இரண்டையும் மாற்றுங்கள். முதலில் தமிழை வகுப்புக்குள் விடுங்கள். 1992 முதல் மத்திய அரசின் செலவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு நடக்கும் லிங்க் (LINC) மொழி வகுப்புகளில் அரபு, பாரசீகம், சீனம், தமிழ் பேசுகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தை விட்டால் அந்த ஆசிரியருக்கு வேறு வழி கிடையாது. உங்களுக்கு என்ன கட்டாயம்? சைகை காட்டி அரைமணி நேரம் விளக்குவதைத் தமிழில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அவர்களை ஆங்கிலத்தில் பேசவிடலாம்.

அட்டவணையின் இடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பை வையுங்கள். குடும்ப மருத்துவரிடம் நேரம் கேட்கும் அழைப்பு. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். பிறந்த தேதி, பிறகு ஒன்ராறியோ சுகாதார அட்டையின் பத்து இலக்கங்கள், கடைசியில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள். நம்மவர்கள் இடறுவது இங்கேதான். தமிழில் ஒரே 'ப' ஆங்கிலத்தின் b, p இரண்டு ஒலிகளையும் சுமப்பதால், 'பாய்' (boy), 'பேப்பர்' (paper) ஆகியவற்றின் முதலெழுத்துகள் பலர் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். 'பேப்பர்' என்னும்போது தாள் துள்ள வேண்டும். 'பாய்' என்னும்போது ஏறக்குறைய சும்மா இருக்க வேண்டும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டுக்கும் இதே கவனம் தேவை. முன்னதில் அழுத்தம் பின்பாதியில், பின்னதில் முதல் அசையில். 3.15 மணிக்குப் போக வேண்டியவர் 3.50-க்குப் போய் நின்றால் அன்றைய நாளே வீண்.

'இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்' என்பதற்கான ஆங்கில வாக்கியத்தை முதல் நாளே மனப்பாடமாக்கிவிடுங்கள்.

பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். ஊரில் பள்ளிக்கூடத்தையோ கடையையோ நடத்தியவர், அக்கம்பக்கத்தார் முன்னால் குழந்தைபோலத் தடுமாறுவதை எத்தனை வாரம் தாங்குவார்? பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசியில் யாருடையது என்று சொல்லாமல் எல்லோருமாகச் சேர்ந்து சரிசெய்யுங்கள். 'நேற்றுப் போகிறேன்' என்றாலும் மருத்துவருக்குப் புரியும். அட்டை இலக்கம் பிசகினால் எதுவும் நடக்காது. நேற்று நடந்ததைச் சொல்ல ஆசைப்பட்டு அவர்களே இறந்தகாலத்தைக் கேட்பார்கள். அட்டவணையை அன்று எடுங்கள்.

குடியுரிமைக்குப் பயந்து வருபவர்களும் இருப்பார்கள். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம்தான் மொழித் தகுதி கேட்கிறார்கள். அதிலும் பேசுவதும் கேட்டுப் புரிந்துகொள்வதும் மட்டும். கனடிய மொழி அளவுகோலின் பன்னிரண்டு நிலைகளில் நான்காவது போதும். 55-ஐத் தொட்டவர்களுக்கு அந்த நிபந்தனையே கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தேவையில்லாமல் தனியார் வகுப்புக்குக் காசு கட்டுகிறவர்கள் உண்டு.

குடியுரிமை கிடைத்ததும் லிங்க் வகுப்பின் கதவு மூடிவிடும் என்பதையும் பலர் அறியாமல் இருக்கிறார்கள். உங்கள் பெண்களில் இன்னும் நிரந்தர வதிவிட அட்டையோடு இருப்பவர்களை இந்த மாதமே அங்கும் பதியச் சொல்லுங்கள். குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் கல்விச் சபைகள் நடத்தும் மாகாண வகுப்புகளை விசாரிக்கட்டும். சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். அங்கே வாய் திறக்கத் தயங்குகிறவர் உங்களிடம்தான் பேசிப் பழகுவார்.