திங்கட்கிழமை என்ன செய்தார்?

அன்புள்ள அக்காவுக்கு,

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அம்மா இறந்துபோனார். இந்த ஈஸ்டருக்கு விடியற்காலை ஆராதனை முடிந்து சபையாரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். நான் அம்மாவின் மண்மேட்டுக்கு முன்னால் நின்று அழுதுவிட்டேன். “உயிர்த்தெழுந்த நாளில் அழுவது அவிசுவாசம்” என்றார் ஒரு மூப்பர். மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. உயிர்த்தெழுதலுக்கு என் தினசரி வாழ்க்கையில் என்னதான் அர்த்தம்? அது நடந்ததற்குச் சரித்திர ஆதாரம் உண்டா? ஈஸ்டரே புறஜாதிப் பண்டிகை என்று யூடியூபில் ஒருவர் பேசுகிறாரே? கல்லறை கட்டுவதில் அண்ணனுக்கும் எனக்கும் மனஸ்தாபமாகி ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. இருந்தாலும் நானே கல் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். அதில் என்ன வசனம் போடலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த மூப்பரை முடித்துவிடுகிறேன். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். இன்னும் சற்று நேரத்தில் “லாசருவே, வெளியே வா” என்று கூப்பிடப்போகிறவர், கூப்பிட்டால் வருவான் என்று தெரிந்தவர், அதற்கு முன்னாலேயே அழுகிறார். அவரைவிடப் பெரிய விசுவாசியா உங்கள் மூப்பர்? நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கப்படவே கூடாது என்று எழுதவில்லை. பெற்றவளை மண்ணில் வைத்துவிட்டு நிற்கிறவனை வசனத்தால் அடிக்கிறவர்களுக்கு எப்போதும் வசனத்தில் பாதிதான் தெரியும். அழுங்கள் தம்பி. அடுத்த ஈஸ்டருக்கும் அழுகை வந்தால் அழுங்கள்.

யூடியூப்காரரை விடுங்கள். ஈஸ்டர் என்பது இங்கிலீஷில் வந்த பெயர். கிரேக்கத்திலும் லத்தீனிலும் அது பஸ்காதான், யூதர்களின் விடுதலைப் பண்டிகையின் பெயர். ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். சிலுவைக்குப் பிறகு 20, 25 வருஷத்துக்குள் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் 500 பேருக்கு மேல், அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்று. போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்கிற தொனி அது. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கேள்வி இல்லை. திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்.

எங்கள் அப்பா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மதியம் பிரியாணி பரிமாறும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பார். “ஞாயித்துக்கெழம எழுந்தாரு. சரி. திங்கக்கெழம இன்னா பண்ணாரு?” பரலோகம் போனார் என்று யாராவது சொல்வோம். “அது நாப்பது நாள் கழிச்சி. அதுவரைக்கும் சும்மாவா குந்திகினு இருந்தாரு?” என்பார். எங்களுக்குப் பதில் தெரியாது. அவரே சொல்வார்: “மீன் சுட்டாரு.”

யோவான் 21. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படாமல் விடியற்காலையில் கரைக்கு வருகிற சீஷர்களுக்காகக் கரிநெருப்புப் போட்டு, மீனை வைத்து, அப்பத்தோடு காத்திருக்கிறார். “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்.” மரணத்தை ஜெயித்தவர் தனக்குச் சிலுவைத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவின் அரண்மனைக்குப் போய் நிற்கவில்லை. பிரதான ஆசாரியன் காய்பாவின் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பசித்தவர்களுக்குக் காலை ஆகாரம் செய்கிறார்.

அந்த மீனைத் திருப்பிப் போட்ட கையை நினைத்துப் பாருங்கள். அதில் ஆணிக் காயம் இருந்தது. அதற்கு முன்னால்தான், கண்டால்தான் நம்புவேன் என்ற சீஷன் தோமாவிடம் உன் விரலை நீட்டு, என் கைகளைப் பார் என்றிருக்கிறார். கல்லறையைத் திறந்த வல்லமைக்கு இரண்டு தழும்பை ஆற்றத் தெரியாதா? தெரியும். ஆற்றவில்லை. இதை நான் எங்கள் சபையில் வேதபாட வகுப்பில் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன், கேட்கிறவர்களுக்கு அலுத்துக்கூடப் போயிருக்கும். இன்னும் சொல்வேன். ஏனென்றால் இப்போது மேடைக்கு மேடை உயிர்த்தெழுதல் என்றால் தழும்பில்லாத வாழ்க்கை என்று ஆகிவிட்டது. “உன் கல் புரட்டப்படும், பிரேக்த்ரூ வருகிறது, விசா வருகிறது, வீடு வருகிறது.” கல்லறையின் கல்லைப் புரட்டியது கார் லோனுக்காகவா? இதைக் கேட்டுக் கேட்டுத்தான் உங்களைப் போன்ற பிள்ளைகள் திங்கட்கிழமை காலையில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்கிறீர்கள்.

அப்பா பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரர், தோல் வேலை தெரிந்த குடும்பம். 1960களில் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறையில் சேர்ந்தார். நோயாளியின் பாதத்தைக் காகிதத்தின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார். புண் வந்த இடம், வரப்போகிற இடம் எல்லாம் குறித்துக்கொள்வார். எம்.சி.ஆர். செருப்பு என்று எங்கள் பக்கம் சொல்வோம். உள்ளே மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர், அடியில் கெட்டி ரப்பர். ஆணி மட்டும் ஆகாது. உணர்ச்சி இல்லாத காலில் ஆணி ஏறினால் அந்த மனிதர் அதோடேயே நாள் முழுக்க நடந்துவிடுவார். அதனால் செருப்பைக் கொடுக்கும் முன் அப்பா உள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். “அவங்க காலு சொல்லாது. என் கைதான் சொல்லணும்.”

டாக்டர் பால் பிராண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914இல் கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்தவர், 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை, நன்றாக இருக்கிற தசையின் நாணை எடுத்து மாற்றித் தைத்து நிமிர்த்தினார். உயிர்த்தெழுதல் போலத்தான். ஆனால் கை நிமிர்ந்து ஊருக்குப் போன ஒருவர் திரும்பி வந்து முறையிட்டார்: நல்ல கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோயாளி என்று தெரிந்து யாரும் வேலையும் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை முடிந்து திங்கட்கிழமை வந்துவிட்டது, பாருங்கள். அதற்குப் பிறகு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குடிசைகள் போட்டு, அவர்களை அங்கே தங்கவைத்து, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது. சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரல் நுனி காணாமல் போயிற்று. விழித்திருந்து பார்த்தால், எலி கடித்துத் தின்கிறது, வலி தெரியாததால் தூங்குகிறவருக்கு விழிப்பு வரவில்லை. என்ன செய்தார்கள்? வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் பூனையை நான் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிமிர்த்திய விரல் ராத்திரியில் பத்திரமாக இருக்க வேண்டுமே என்று யோசித்தார்களே, சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுகிற விசுவாசம் அங்கே பூனையாகப் போய்ப் படுத்துக்கொண்டது. அதே வேலூரில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸையும் சொல்ல வேண்டும். 1954 விபத்தில் முதுகுத்தண்டு போயிற்று. அவருக்கு எழுந்து நடக்கக் கிடைக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். அவருக்குப் பிரேக்த்ரூ வரவில்லை என்று எந்தப் பிரசங்கியாவது சொல்லட்டும், நான் கேட்கிறேன்.

1 கொரிந்தியர் 15 முழுக்க உயிர்த்தெழுதல்தான். கடைசி வசனம் என்ன? பரலோகத்தை நினைத்துப் பரவசப்படுங்கள் என்றா? “கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது.” பிரயாசம், தம்பி. வேலை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே காணிக்கைப் பணம் சேர்ப்பதைப் பற்றி. எக்காளம் முழங்கி முடித்த கையோடு கணக்கு நோட்டை எடுக்கிறார் பவுல்.

அப்புறம், நீங்கள் சூப்பர்வைசர். உங்கள் லைனில் மிஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி பாத்ரூம் போகக் கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறீர்களா? பேஸ்டிங் வாடையில் தலை சுற்றுகிறது என்றால் டார்கெட்டைச் சொல்கிறீர்களா? கிறிஸ்துவுடன்கூட எழுந்ததுண்டானால் என்று கொலோசெயர் 3 தொடங்குகிறது. தொடர்ந்து வாசித்துக்கொண்டே போங்கள், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிற இடத்துக்கு வந்து சேரும். திங்கட்கிழமை எதுவும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்களைக் கேட்டால் அவர்களும் அதையேதான் சொல்வார்களா?

கடிதத்தில் அண்ணனைப் பற்றி இரண்டே வரி. போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஆறு மாதம்! ஒரே தாயின் கல்லறைக்காக இரண்டு பிள்ளைகள் பேசாமல் இருக்கிறீர்கள், நீங்கள் உயிர்த்தெழுதலுக்கு ஆதாரம் தேடுகிறீர்கள். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டுதான். இயேசு மீன் சுட்டதும் கரிநெருப்பில்தான். யோவான் இரண்டு இடத்திலும் அதே வார்த்தையைப் போட்டிருக்கிறார். சாப்பாடு முடிந்த பிறகுதான் பேதுருவோடு பேச்சே வருகிறது. அதுவும், ஏன் மறுதலித்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. நீங்களும் கிரானைட்டா சிமெண்டா, யார் எவ்வளவு போட்டது என்று அங்கே போய்த் தொடங்காதீர்கள். சாப்பிடுகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். அண்ணி போட்டதைச் சாப்பிடுங்கள்.

கல்லில் என்ன வசனம் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அம்மா எந்த வசனத்தைச் சொல்லி ஜெபித்துப் பிள்ளைகளைத் தூங்கவைப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு முன்னால் அந்த மடியில் படுத்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா