எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் விதி சேர்த்தும் 200 வருவது ஏன்

ஏடபிள்யூஎஸ் வாஃப் (தீய இணையக் கோரிக்கைகளைத் தடுக்கும் அமேசானின் ஃபயர்வால்) விதிக் கோப்பில் ‘ஓவர்ரைடு ஆக்‌ஷன்’ (OverrideAction) என்ற இடத்தில் ‘கவுண்ட்’ (Count) இருந்தால் ‘நன்’ (None) என்று மாற்றுங்கள். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனை (உள்ளீட்டில் தரவுத்தளக் கட்டளையைத் திணிக்கும் தாக்குதல்) தடுக்கும் விதித்தொகுப்பை வாஃபில் இணைத்தும், கர்ல் கட்டளையால் அப்படியொரு கோரிக்கை அனுப்பிச் சோதித்தால் உங்கள் ஏபிஐ 200 (வெற்றி) தருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ‘கவுண்ட்’ கோரிக்கையை எண்ணிவிட்டு உள்ளே விட்டுவிடும். ‘நன்’ கொடுத்தால்தான் தொகுப்பின் சொந்தத் தடை வேலை செய்யும்.

1. கெட்-வெப்-ஏசிஎல் (get-web-acl) கட்டளையை ஓட்டி லாக் டோக்கனையும் (இடையில் வேறு யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் குறியீடு) முழு விதிப் பட்டியலையும் எடுங்கள்.

2. திருத்தியதும் அப்டேட்-வெப்-ஏசிஎல் (update-web-acl) கட்டளையைக் கொடுங்கள். கவனம், இது பட்டியல் முழுவதையும் மாற்றி எழுதும். விட்டுப்போன விதி அழிந்துவிடும்.

சில நிமிடம் கழித்து யூனியன் செலக்ட் (UNION SELECT) என்ற எஸ்கியூஎல் தாக்குதல் வரி ஒன்றை யூஆர்எல் என்கோட் செய்து அனுப்பிப் பாருங்கள். 403 (அனுமதி மறுப்பு) வர வேண்டும்.

அப்புறம், வாஃப் வெளிவேலி மட்டும்தான். கோடில் வினவலோடு சரங்களை ஒட்டும் இடங்களைப் பாராமீட்டர் வினவலாக (மதிப்புகளைக் கட்டளையிலிருந்து பிரித்துத் தனியாக அனுப்பும் முறை) அவசியம் மாற்றுங்கள்.